இடது கையின் இரைச்சல்

என் கணவருக்குக் கப்பலில் போசன் வேலை. மேல்தளத்தில் கயிறு இழுப்பவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், நங்கூரம் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் மேஸ்திரி என்று சொன்னால் புரியும். கல்யாணமான நாளிலிருந்து வருடத்தின் பெரும்பகுதி அவருக்குக் கடலில்தான். ஊருக்கு வரும்போது விருந்தாளி மாதிரி வருவார். அவர் வருவதற்குள் ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போடுவேன். மகளும் நானும் எங்கள் வசதிக்கு ஒரு நடைமுறை வைத்திருப்போம். அவர் வந்ததும் அது கலையும், விமானம் ஏறியதும் பழையபடி கூடிவிடும். தூத்துக்குடியில் எங்கள் ஆட்களில் பாதி வீடுகளில் இதே கதை. அதனால் இதைக் குறையாக நான் நினைத்ததில்லை.

எனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோதுதான் அவர் கடல் வேலையை நிறுத்திவிட்டு வீட்டோடு தங்கினார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மில்லர்புரத்து வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர்கள் அப்போதுதான் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் அவரோடு இருப்பது டயாலிசிஸை விடச் சிரமமாக இருந்தது. குசினியைக் கப்பல் மாதிரி ஆக்கிவிட்டார். உருளைக்கிழங்கையும் கீரையையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்து, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்துத்தான் எனக்குப் போடுவார். பொட்டாசியம் கூடக் கூடாது என்று டயட் சிஸ்டர் சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய தண்ணீரை ஊற்றி மேசையில் வைத்துவிடுவார். சாயங்காலம் வரை அதுதான். மே மாதத்து அனலில் உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

"இன்னும் ஒரு மொடக்குக் குடுங்க."

"சாயங்காலத்துக்கு என்ன செய்வ? ஐஸ் ஒரு துண்டு தாரேன், வாயில போட்டுக்க."

"கப்பல்ல ஆளுங்க உங்கள எப்படித்தான் பொறுத்தானுவளோ."

"அவனுவளுக்கு என்ன, நல்லாத்தான் பொறுத்தானுவ. நீதான் பேசுத."

என் இடது கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் மெஷினுக்கு ரத்தம் வேகமாகப் போய் வேகமாகத் திரும்ப வேண்டும். சாதாரணமாகக் கையில் தெரியும் பச்சைக் குழாய்கள் அதற்குத் தாங்காது. அதனால் முழங்கை மடிப்பில், இதயத்திலிருந்து வரும் குழாயையும் இதயத்துக்குப் போகும் குழாயையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அழுத்தமான ரத்தம் பாய்ந்து பாய்ந்து, போகும் குழாய் சில வாரங்களில் தடித்துக்கொள்ளும். அதில்தான் ஊசி குத்துவார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அது நன்றாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம் ஓர் அதிர்வு. விரலை வைத்தால் தையல் மிஷின் மோட்டார் ஓடுவது போல விர்ரென்று இருக்கும். காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். தினமும் தொட்டுப் பாருங்கள், அது நின்றால் உடனே வாருங்கள் என்று சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தொட்டுப் பார்க்கும் வேலையை என் கணவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் காப்பித் தம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளங்கையை என் முழங்கைக்கு மேலே வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "சரி" என்று ஒரு வார்த்தை. பிறகு போய்விடுவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. புடைத்துக்கிடக்கும் அந்தக் கை எனக்கே பிடிக்காது. மாதா கோயிலுக்குப் போகும்போது ஆட்கள் பார்ப்பார்கள் என்று முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டவள் நான். அவர் அப்படித் தயக்கமே இல்லாமல் அதைத் தொட்டது, போகப்போக, எனக்குக் காப்பியை விடத் தேவையாகிவிட்டது.

ஆனால் மனிதர் வாடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் துறைமுகக் கடற்கரைப் பக்கம் போய் உட்காருவார். வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களை எண்ணிவிட்டு வருவார். எது நிலக்கரி, எது கன்டெய்னர், எதற்குப் பெயின்ட் போய்விட்டது என்று எனக்கு வந்து சொல்வார். நான் வேலை பார்த்ததும் துறைமுகத்துக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில்தான். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அரை நாள் போய் டாகுமென்ட் அடித்துக் கொடுப்பேன். அதனால் அவர் சொல்லும் கப்பல்களின் பெயர் எனக்கும் தெரிந்திருக்கும். அவர் குரலில் இருக்கும் ஏக்கம்தான் எனக்குத் தாங்காது.

ஒரு நாள் மும்பையிலிருந்து அவருடைய பழைய கம்பெனியில் கூப்பிட்டார்கள். சில மாதத்துக்கு மட்டும் ஒரு கான்ட்ராக்ட், இவர் வந்தால் நல்லது என்றார்கள். அவர் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

"உன்ன யாரு பாக்குறது?"

"நான் என்ன படுக்கையிலயா கெடக்கேன்? ஆட்டோவுல போறேன், வாரேன். ராத்தா இருக்காவ துணைக்கு."

ராத்தா என்று நான் சொன்னது டயாலிசிஸ் யூனிட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் காயல்பட்டினத்து அக்காவை. அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் பழகிக்கொண்டேன். அவருடைய வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். ராத்தா எனக்கு முன்பே பல வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவர் கையில் குத்தாத இடம் கிடையாது. ஆனாலும் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது ராத்தாவின் கட்டில் பக்கம்தான்.

பல நாள் பேசிப் பேசி என் கணவரைச் சம்மதிக்க வைத்தேன். டிக்கெட் வந்தது. பெட்டி கட்டினோம். அவருடைய வேலை பூட்ஸைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதனால்தான் பிறகு அப்படிச் செய்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் விழித்ததும் என் கை அமைதியாக இருந்தது.

முதலில் புரியவில்லை. ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றால் சில நேரம் அப்படித் தோன்றும். வலது கை விரல்களை மடிப்பின் மேல் வைத்தேன். அதிர்வு இல்லை. நகர்த்தி வைத்தேன். அழுத்தினேன். தடித்த கயிறு போல ஒன்று தட்டுப்பட்டது, அவ்வளவுதான். முந்தின டயாலிசிஸில் பிரஷர் இறங்கி எனக்குத் தலை சுற்றியது ஞாபகம் வந்தது. உறைந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. ராத்தாவுக்கு இப்படி நடந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

குசினியில் அவர் பாலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. இவரிடம் சொன்னால் பெட்டி திரும்ப அவிழும், பூட்ஸ் அலமாரிக்குப் போகும். விமானம் மதியத்துக்கு முன்னால். அவர் ஏறியதும் அதே காரில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். எழுந்து, அவர் காப்பியோடு வருவதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

"ஏளா, காப்பி ஆறுது."

"குளிச்சிட்டு வாரேன். நீங்க டிக்கெட்ட எடுத்து வச்சாச்சா பாருங்க."

முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பெட்டியைப் பூட்டுவதிலும் மகளிடம் போன் பேசுவதிலும் அவருக்கு நேரம் போய்விட்டது. தெருக்கோடியில் வாடகைக் கார் வைத்திருக்கும் அண்ணாச்சி வந்து ஹாரன் அடித்தார். நானும் வழியனுப்ப ஏறினேன். அவருக்கு வலது பக்கம் உட்காருவதுதான் வழக்கம். அன்றைக்கு இடது பக்கம் உட்கார்ந்து, கையைக் கதவோரமாக வைத்துக்கொண்டேன்.

விமான நிலையம் வாகைக்குளத்தில், திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறது. ஊரைத் தாண்டும்வரை அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியிலுள்ள புதுக்கோட்டைக் கிராமத்தை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குக் கையப் பாக்கல."

"நான் பாத்துட்டேன்."

"நான் பாக்கலேல்லா? கொடு."

"என்னங்க இது, வண்டிக்குள்ள. அண்ணாச்சி இருக்காவ."

"அண்ணாச்சி பாக்காத கையா? கொடுளா."

கொடுக்காமல் இருந்தால் இன்னும் சந்தேகப்படுவார் என்று நீட்டினேன். ரவிக்கையின் மேலேயே உள்ளங்கையை வைத்தார். ரோடு கரடுமுரடாக இருந்தது. கார் முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வில் அவருக்குத் தெரியாது என்று ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் கையை எடுக்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, வண்டிய ஓரமா நிறுத்துங்க. இஞ்சினையும் அணைங்க."

கார் ஒரு டீக்கடை தாண்டி வேப்பமரத்தடியில் நின்றது. இஞ்சின் அணைந்தது. அவர் ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றிவிட்டுக் குனிந்து காதை வைத்தார். பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி போயிற்று. அது போய் முடியும்வரை அப்படியே இருந்தார். மறுபடி கேட்டார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கடலில் என்னென்னவோ பார்த்துவிட்டு வந்தவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"எப்பலேர்ந்து?"

"காலையில எந்திரிக்கும்போதே இல்ல."

"சொல்லாம என்னைப் பிளைட் ஏத்திவிடப் பாத்தியா?"

"நீங்க ஏறுனதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்தேன். சத்தியமா. போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுவேன்."

அவர் டயாலிசிஸ் யூனிட் சிஸ்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்தச் சிஸ்டரின் குரல் கேட்டது. "எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது சார். ரத்தம் உறைஞ்சு இறுகிட்டா எடுக்கிறது கஷ்டம். திருநெல்வேலியில கையைத் திறக்காம குழாய்க்குள்ளேயே போய்ச் சரிபண்ற டாக்டர் இருக்காங்க. நான் அவங்களுக்குச் சொல்லிடுறேன், நீங்க நேரா அங்க போயிருங்க. அம்மா எதுவும் சாப்பிட வேண்டாம்."

"எந்தப் பக்கம்?" என்று காரோட்டும் அண்ணாச்சி கேட்டார்.

"திருநெல்வேலிக்கு விடுங்க."

விமான நிலையம் திரும்பும் இடம் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. கார் வல்லநாட்டுப் பாலத்தில் ஏறியது. பாலத்தைத் தாண்டும்போது அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் விரித்து, இடது கையை அதன்மேல் தூக்கி வைத்தார். ஊமையாகிவிட்ட கையை எதற்கு இப்படி வைக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் அவர் தன் கப்பல் பெட்டியையும் பையையும் இழுத்துக்கொண்டு நுழைந்ததைப் பார்த்துவிட்டு, காவலாளி "வெளியூரா? தங்குற ரூம் பின்னால இருக்கு" என்றார். அவ்வளவு பெரிய பெட்டி.

டாக்டர் ஒரு பெண். என்னை விடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். பேச்சில் எங்கள் பக்கத்து இழுவை கேட்டது. விசாரித்தால் சாயர்புரம் என்றார். ஸ்கேன் மெஷினை என் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே திரையைக் காட்டினார்.

"இது பாருங்க, வண்டல் மாதிரி அடைச்சுக்கிட்டிருக்கு. ரத்தம் உறைஞ்சது இங்க. ஆனா உறையறதுக்குக் காரணம் மேல தோள்கிட்ட இருக்கும்னு நினைக்கிறேன். அங்க குழாய் சுருங்கியிருக்கும். இது ஒரே நாள்ல வந்தது இல்ல. கொஞ்ச நாளா ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிக்க நேரம் ஆகுதா?"

"ஆமா," என்றேன். "பஞ்சை ரொம்ப நேரம் அழுத்தணும்."

"அதுதான் அடையாளம். இனிமே அப்படி இருந்தா உடனே சொல்லணும். இப்ப என்ன செய்யப்போறோம்னா, ஊசி போடுற மாதிரிதான் ஒரு சின்ன துளை. அது வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, உறைஞ்ச ரத்தத்தை உறிஞ்சி எடுப்போம். அப்புறம் சுருங்கின இடத்துல பலூனைக் கொண்டுபோய் விரிப்போம். மயக்க மருந்து இல்ல, மரத்துப்போற ஊசி மட்டும். நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க."

"திறக்கலேன்னா?" என்று என் கணவர் கேட்டார்.

"கழுத்துல ஒரு டியூப் வச்சு நாளைக்கு டயாலிசிஸ் பண்ணுவோம். அப்புறம் வேற இடத்துல புதுசா ஃபிஸ்டுலா. ஆனா அதை இப்ப யோசிக்க வேண்டாம் சார். சீக்கிரம் வந்துட்டீங்க, நல்ல வாய்ப்பு இருக்கு."

என்னை உள்ளே கொண்டுபோனார்கள். குளிர்ந்த அறை. நடுவில் ஒடுக்கமான மேசை. என் தலைக்கு மேலே வளைந்து நிற்கும் எக்ஸ்ரே மெஷின். எல்லாரும் கதிர் தாக்காமலிருக்கக் கனமான ஈய அங்கி போட்டிருந்தார்கள். கையைப் பக்கவாட்டில் ஒரு பலகையில் நீட்டி வைத்து, பழுப்பு மருந்து தடவி, பச்சைத் துணி போர்த்தினார்கள். தலையைச் சாய்த்தால் திரை தெரிந்தது.

குழாய்கள் படத்தில் தெரிவதற்கான மருந்தை டாக்டர் உள்ளே செலுத்தியதும் கைக்குள் வெதுவெதுப்பு ஒன்று தோள் வரை ஏறியது. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் கறுப்பாக என் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. முழங்கைப் பக்கம் திட்டுத் திட்டாக, அழித்துவிட்டது மாதிரி. ஓடவேண்டியது ஓடாமல் பக்கத்துச் சின்னச் சின்னக் கிளைகளில் வழி தேடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் நான் வெறுத்துத் துணியால் மூடிய கை அது. உள்ளே இவ்வளவு பாடுபடுகிறது என்று எனக்குத் தெரியாது. அதன்மேல் ஒரு பரிவு வந்தது.

உறைந்ததை உறிஞ்சி எடுக்கும்போது வலி இல்லை; யாரோ உள்ளிருந்து இழுப்பது போல மட்டும் இருந்தது. ஒரு கிண்ணத்தில் கறுத்த புழுக்கள் போல அது விழுந்தது. பிறகு கம்பி மாதிரி ஒன்று தோள்வரை போயிற்று. அதன்மேல் பலூன்.

"இப்ப வலிக்கும் அக்கா," என்றார் டாக்டர். என்னை அதுவரை மேடம் என்றவர், அந்த இடத்தில் அக்கா என்றார். "கையை மட்டும் அசைக்காதீங்க. கத்தணும்னா கத்துங்க."

திரையில் பலூன் விரிந்தது. நடுவில் மட்டும் விரியாமல் இடுப்பு போல ஒடுங்கி நின்றது. அந்த ஒடுங்கின இடம்தான் சுருங்கின இடம். டாக்டர் அழுத்தத்தைக் கூட்டினார். யாரோ என் தோளுக்குள் கட்டைவிரலை நுழைத்து அகட்டுவது போல இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் நொறுங்கியிருக்கும்.

"விடமாட்டேங்குதே," என்று டாக்டர் தனக்குள் பேசுவது கேட்டது. "கொஞ்சம் பெரிய பலூன் எடுங்க."

மறுபடி விரித்தார்கள். மறுபடி கத்தினேன். அப்போது திரையில் அந்த இடுப்பு சட்டென்று நிமிர்ந்து, பலூன் இரண்டு பக்கமும் ஒரே பருமனாக ஆனது. "போயிட்டு," என்றார் டாக்டர், சுருக்கம் விட்டுப்போய்விட்டது என்ற அர்த்தத்தில். சாயர்புரத்துப் பேச்சு அந்த நேரத்தில் அவரை அறியாமல் வந்துவிட்டது.

பலூனை எடுத்துவிட்டு மறுபடி மருந்து விட்டார்கள். திரையில் முழங்கையிலிருந்து நெஞ்சுவரை ஒரே கறுப்பு ஓட்டம். கிளைகள் எல்லாம் மறைந்துவிட்டன. திரையைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கைக்குள் அது விர்ரென்று ஆரம்பித்திருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியது கதவு தாண்டிக் கேட்டிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. டாக்டர் அவரைக் கூப்பிட்டு, கட்டுப் போட்ட இடத்தை விட்டு மேலே காட்டினார். "இங்க வச்சுப் பாருங்க சார்."

அவர் கையை உடனே வைக்கவில்லை. சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். வைத்தார். "சரி" என்று சொல்ல வாயெடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரியில் எனக்கு டயாலிசிஸ். ஊசி குத்தியதும் ரத்தம் தயக்கமில்லாமல் டியூபில் ஏறியது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தான் கப்பலுக்கு வர முடியாது என்று கம்பெனிக்காரர்களிடம் முந்தின நாளே பேசிவிட்டாராம். அவர்கள் கோபப்படவில்லை, வீட்டைப் பாருங்கள் என்றார்களாம்.

"என்னாலதான் போக முடியாமப் போச்சு," என்றேன்.

"வாய மூடு."

மெஷின் ஓடுவதைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் கடக்கரைக்குப் போறது கப்பலப் பாக்கன்னு நெனச்சிருக்க. அப்படியும் உண்டு, இல்லங்கல. ஆனா வீட்டுக்குள்ள இருந்தா எந்நேரமும் உன் கையிலயே இருக்கு நெனப்பு. நீ தூங்கும்போது மூச்சு வருதான்னு பாக்குதேன். தண்ணி கூடுதலாக் குடிச்சிருவியோன்னு பாக்குதேன். அங்கன போய் உக்காந்தாத்தான் எனக்கு நெஞ்சுல இருந்து காத்து வெளிய வருது. அதுக்காவ எனக்கே என் மேல வெறுப்பா இருக்கும்."

இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கடலுக்கு ஏங்கி வாடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காவல் காத்துக் களைத்துப்போயிருக்கிறார்.

"அதுல வெறுக்கதுக்கு என்ன இருக்கு," என்றேன். "எனக்கும் நீங்க வெளிய போற நேரம் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருக்கும். பாட்டில்ல இருந்து ஒரு மொடக்குக் கூடக் குடிச்சுக்கிடுவேன்."

"எனக்குத் தெரியும்," என்றார். "பாட்டில்ல மட்டம் குறையும்லா."

இரண்டு பேரும் சிரித்தோம். மெஷின் அலாரம் அடித்தது. சிரிக்கும்போது கையை அசைத்துவிட்டேன். சிஸ்டர் வந்து திட்டிவிட்டுப் போனாள்.

ஊருக்குக் கிளம்பும்முன் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். அந்த இடம் மறுபடி சுருங்கலாம், சில மாதத்துக்கு ஒரு முறை பலூன் வைக்க வேண்டி வரலாம் என்றார். "இதை ஆபத்து வந்த மாதிரி நினைக்காதீங்க. வண்டிய சர்வீஸ் விடுற மாதிரி நினைங்க. உறையறதுக்கு முன்னாடி வந்தா ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். துணைக்கு ஒரு ஆள் வந்தாப் போதும். அது வீட்டுக்காரராத்தான் இருக்கணும்னு இல்ல." கடைசி வார்த்தைகளை என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பார் போல.

அடுத்த முறை கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோது நாங்கள் சேர்ந்தேதான் முடிவு செய்தோம். அவர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "எதுனாலும் சொல்லிரணும். நான் நடுக்கடல்ல இருந்தாலும் சொல்லிரணும். ஒண்ணும் செய்ய முடியாது, தெரியும். ஆனாலும் சொல்லணும்." நானும் ஒன்று கேட்டேன்: அங்கே போய் என்னை நினைத்துக்கொண்டே இருக்காமல் வேலையைப் பார்க்க வேண்டும். முயற்சி செய்கிறேன் என்றார். இந்தத் தடவை வாகைக்குளத்தில் கார் விமான நிலையத்துக்குத் திரும்பியது.

அவர் போன பிறகு என் கையை நானே தொட்டுப் பார்க்கப் பழகினேன். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கத் தாமதமானதை இந்த முறை முதல் நாளே சிஸ்டரிடம் சொன்னேன். மறுபடி பலூன் வைக்க வேண்டும் என்றார்கள். அவருடைய கப்பல் அப்போது சிங்கப்பூர் பக்கம். போன் எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் காற்று இரைச்சலிலிருந்து எங்கோ ஒதுங்கி நின்று கேட்டார்.

"உறையல இல்ல?"

"உறையல. சுருங்கத்தான் செஞ்சிருக்கு."

"யாரு கூட வாராவ?"

"ராத்தா."

"சரி. முடிஞ்சதும் போன் பண்ணு. எந்நேரம்னாலும் பண்ணு. நான் சிக்னல் இருக்க இடத்துலதான் நிப்பேன்."

ராத்தா தன் டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, காயல்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். "இதுக்கெல்லாம் முகத்தத் தொங்கப்போடாத. எனக்கு எத்தன தடவ வச்சிருக்காங்கன்னு நானே மறந்துட்டேன். அந்தப் பலூனு விரியும்போது என் பக்கத்து வீட்டுக்காரியத் திட்டிக்கிட்டே இருப்பேன். வலி தெரியாது. நீயும் யாரையாவது திட்டு."

"யாரத் திட்ட?"

"உனக்கு ஆளா இல்ல? தண்ணிப் பாட்டில் வச்ச மனுசனத் திட்டு."

அன்றைக்கு வலி முதல் தடவை அளவுக்கு இல்லை. முதல் பலூனிலேயே விரிந்துவிட்டது. தொடங்குவதற்கு முன் டாக்டர் என்னைப் பார்த்ததும் "சார் எங்க?" என்றிருந்தார். "கப்பல்ல," என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார்.

மத்தியானம் ராத்தா எனக்கு ஒரு இட்லியை உப்பில்லாத தேங்காய்த் துவையலில் தொட்டு ஊட்டிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரம்மா, ராத்தாவின் முக்காட்டையும் என் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்று கேட்டார். "ஒரே மெஷின்காரிங்க," என்றார் ராத்தா. சாயங்காலம் தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, இடது கை யார்மேலும் இடிபடாமல் தன் முந்தானையை நடுவில் விரித்தார்.

பஸ் கிளம்பியதும் நான் என் கணவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன், பஸ்ஸில் இருக்கிறேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, கப்பலில் அன்று ஒரு புதுப்பையன் கயிற்றைத் தப்பாகச் சுற்றி எல்லாரையும் அலைக்கழித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வல்லநாட்டுப் பாலம் தாண்டிச் சிக்னல் போகிறவரை நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.